குருவிநத்தத்துக் குருளையும் குருதித் தூய்மை தேடுவோரும்

புதுவையின் தென்கோடியில், தென்பெண்ணையாற்றை ஒட்டிக் கிடக்கும் ஊர் குருவிநத்தம். பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்தது. (பிரெஞ்சுக்காரன் 1954-இல் ஆட்சியை விட்டுப் போனான், கொம்யூன் என்னும் சொல் மட்டும் போகவில்லை. அது வேறு வழக்கு.) நெல்லும் கரும்பும் விளையும் அவ்வூரில், முதிய உழவர் ஒருவர் வீட்டுக் கொல்லையில், நான்கு திங்கள் அகவையுடைய நாய்க் குருளை ஒன்று வைக்கோற்போரைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் தாய் தென்பாண்டிக் கரிசற்காட்டுச் சிப்பிப்பாறை வகையைச் சார்ந்த வேட்டை நாய். தந்தை ஊர்த் தெருவில் திரியும் நாட்டு நாய். உடன்பிறந்தவற்றுள் இரண்டு இறந்துபட்டன. இரண்டு வேறு வீடுகளுக்குச் சென்றன. எஞ்சியது இஃதொன்று. இதற்கு மனை தேடுகின்றனர், கிடைத்தபாடில்லை.

உழவர் ஈரமற்றவர் அல்லர். அவர்க்கு அகவை எழுபதைக் கடந்துவிட்டது. மகன் தொழிலுக்காக வெளியூர் சென்றுவிட்டான். குருளையோ விடியற்காலையில் எழுந்தால் பொழுது சாயும் வரை நிற்பதில்லை. உலர்த்திய நெல்லைக் கலைக்கிறது. அண்டை வீட்டுக் கோழியைத் துரத்துகிறது. ஒற்றைச் செருப்பை எங்கோ கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு, மற்றொன்றைத் தூக்கிக்கொண்டு வந்து காலடியில் போடுகிறது. நீண்ட கால், குழிந்த வயிறு, குறுகிய முகம். கண் மட்டும் எப்போதும் தொலைவில். வரப்பில் ஒரு கொக்கு அசைந்தால் போதும், கயிற்றோடு இழுத்துக்கொண்டு பாய்கிறது. முதியவரால் அக்கயிற்றைப் பிடிக்க இயலவில்லை. ஒருமுறை விழுந்தும் விட்டார்.

குருளை என்னும் சொல்லைக் கண்டு எவரும் புருவத்தை உயர்த்த வேண்டா. நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கன் இளமைக்கும் உரிய பெயர் குருளை எனத் தொல்காப்பிய மரபியல் வகுத்துரைக்கிறது. அவற்றைக் குட்டி என்றும் பறழ் என்றும் சொல்லுவதையும் அது விலக்கவில்லை. ஆதலின் நாய்க்குட்டி என்பார் பிழை செய்தவராகார். பிள்ளை என்னும் பெயரைத்தான் ஆசிரியர் நாய்க்கு மட்டும் தராமல் நிறுத்திவைத்தார். இன்று நகரத்து மாடிவீடுகளில் நாயைப் பிள்ளை என்றே கொஞ்சுகின்றனர். கொஞ்சிவிட்டுக் காலை எட்டு மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு போய் இரவு எட்டு மணிக்குத் திரும்புகின்றனர். பெற்ற பிள்ளையை அவ்வாறு பூட்டிவைப்பாரா என்று கேட்டால் சினம் வருகிறது.

இக்குருளையைக் காண வந்தவர் சிலர். அவர்கள் சொல்லிச் சென்றவற்றைக் கேட்டால், ஒரு நாய்க்கு வீடு கிடைக்காமைக்கு நாய் காரணமன்று என்பது விளங்கும்.

முதலில் வந்தவர் நகரத்துக் கடைக்காரர். நாய் மெலிந்திருக்கிறதே, நோயா என்றார். வேட்டை நாயின் உடலமைப்பே அதுதான், விலாவெலும்பு சற்றே தெரிவதுதான் அதன் நலம் என்று விளக்கிய பின், "வீட்டுக்கு வருவோர் பார்த்தால் சோறு போடாமல் வைத்திருக்கிறார்கள் என்பார்களே" என்று சொல்லிப் போய்விட்டார். அவர் வீட்டில் ஏற்கெனவே மூக்குச் சப்பிய சீன நாய் ஒன்று இருந்ததாம்; சித்திரை வெயிலில் மூச்சுத் திணறி இறந்ததாம். அதை அவரே சொன்னார். மூக்கும் மூச்சுக்குழலும் குறுகிப்போகும்படி மாந்தன் தன் கண்ணின் களிப்புக்காக வளர்த்தெடுத்த உயிர் அது. நாய்க்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இளைத்தே அது தன் உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்ள வேண்டும். மூச்சுக்கே வழியில்லாத நாய் கடலோர நாட்டின் புழுக்கத்தில் என் செய்யும்? பனிநாட்டில் சறுக்குவண்டி இழுக்கும் அசுக்கி நாயை, இரட்டை மயிர்ப்போர்வையோடு கொணர்ந்து புதுவையிலும் கடலூரிலும் வைத்திருப்போர் உளர். அதற்குக் குளிரூட்டி போட்ட அறை. அயலானின் பையில் அடைத்த தீனி. ஊரில் பிறந்த நாய்க்கு மட்டும் கல்.

இம்மனப்பான்மைக்குப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. அயலது எனின் உயர்ந்தது, அகத்தது எனின் தாழ்ந்தது என்னும் நோய் நாவைப் பிடித்தது, உடையைப் பிடித்தது, நாயை மட்டும் விட்டுவைக்குமா? இதனைப் பற்றி இவ்விதழின் அன்பர்களுக்கு விரித்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆகவே அது நிற்க. இரண்டாவதாக வந்தவரைப் பற்றியே மிகுதியும் சொல்ல வேண்டியுள்ளது. ஏனெனில் அவர் தமிழ்ப்பற்றாளர்.

அவர் பெயரைத் தூய தமிழில் மாற்றிக்கொண்டவர். மக்கட்கும் நல்ல தமிழ்ப்பெயரே இட்டுள்ளார். பேச்சில் ஓர் அயற்சொல் நுழைந்தால் உடனே தடுத்துத் திருத்துபவர். போற்றத்தக்க பண்புகளே. வந்தவர் குருளையை ஏற இறங்கப் பார்த்தார். அது அவர் வேட்டி முனையைக் கவ்வி இழுத்தது. அவரும் மகிழ்ந்தார். பின்னர்க் கேட்டார்: "இது தூய சிப்பிப்பாறைதானே?" தந்தை தெருநாய் என்று உழவர் மறைக்காமல் சொன்னார். அவ்வளவுதான். முகம் சுருங்கிற்று. "வளர்த்தால் தமிழினத்து நாயாக, கலப்பில்லாத இராசபாளையமாகவோ கன்னியாகவோ வளர்க்க வேண்டும். கலப்பினத்தை வைத்துக்கொண்டு தூய்மை பேசினால் ஊர் நகைக்கும்" என்று சொல்லி விடைபெற்றார்.

ஊர் நகைக்க வேண்டியது இவ்விடத்தில்தான்.

மொழியில் தூய்மை வேண்டும் என்பதன் பொருள் என்ன? தன் மொழியில் சொல் இருக்கும்போது பிறமொழிச் சொல்லைப் புகுத்துவது மாந்தன் தன் விருப்பத்தால் செய்யும் செயல். செய்தவனே அதைத் திருத்திக்கொள்ளவும் முடியும். மறைமலையடிகள் 1916-இல் வேதாசலம் என்னும் தம் பெயரையே மாற்றிக்கொண்டு காட்டினார். நாவுக்குரியவன் நாவைத் திருத்துகிறான். குருளையோ தன் தாயையும் தந்தையையும் தேர்ந்தெடுத்ததன்று, திருத்திக்கொள்ள வல்லதுமன்று. பிறப்பின்மேல் ஏற்றிப் பேசப்படும் தூய்மை வேறொரு கூட்டத்தாரின் சரக்கு. குருதி கலந்தால் இழிவு, கலப்பில் பிறந்தவன் கீழ்மகன் என்று நூல் எழுதி வைத்து, மாந்தரை மாந்தர் தீண்டலாகாது என்று நெடுங்காலம் தமிழ்நிலத்தை அடிமைகொண்டவர் கொள்கை அது. அதனை எதிர்த்துத் தொண்டை வறளப் பேசிவிட்டு, அதே கொள்கையைக் கொல்லைப்புற வழியாக நாயின் கழுத்தில் கட்டுவது தமிழ்ப்பற்று ஆகாது.

இன்னுமொன்று. நாய்க்குத் தூய குருதிச் சான்று கேட்கும் பழக்கம் தமிழனுடையதா? அதுவும் அன்று. 1873-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் நாய் வளர்ப்போர் கழகம் ஒன்று நிறுவப்பட்டது. இன்ன நாய்க்கு இன்ன தந்தை, இன்ன பாட்டன் என்று ஏட்டில் பதிந்து, காது இத்தனை விரல், வால் இத்தனை வளைவு என்று அளவு குறித்து, அதற்குள் அடங்காததைக் கழித்துக்கட்டும் முறை அத்தகைய கழகங்கள் வழியாகவே உலகெங்கும் பரவிற்று. நாயின் தாள்மூலத்தைக் கேட்பவன் ஆங்கிலேயனின் ஏட்டைத்தான் கேட்கிறான். கரிசற்காட்டு ஆயனும் உழவனும் நாயை ஏடு பார்த்துத் தேர்ந்தவரல்லர். ஓடுகிறதா, காக்கிறதா, வெயிலைத் தாங்குகிறதா, சொன்ன சொல் கேட்கிறதா என்று பார்த்தனர். நல்லதற்கு நல்லதைச் சேர்த்தனர். அப்படித் தலைமுறை தலைமுறையாக வந்தவையே சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் இராசபாளையமும்.

குருதி குறுகினால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவு போக வேண்டியதில்லை. இராசபாளையத்து நாயின் அழகு அதன் பால்வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும். அந்த வெண்மையையே குறியாக வைத்து உறவுக்குள் உறவாகப் பெருக்கியதன் விளைவாக, அவ்வினத்தில் பிறவிச் செவிடு தலைகாட்டுகிறது. வெண்ணிறத்துக்கும் செவித்திறன் இழப்புக்கும் உள்ள தொடர்பைக் கால்நடை மருத்துவ அறிஞர் பலரும் எடுத்துரைத்துள்ளனர். குருவிநத்தத்துக் குருளைக்கு அந்தக் கவலை இல்லை. நான்கு வீட்டுக்கு அப்பால் சட்டியைத் துலக்கும் ஓசை கேட்டால் அதன் காது நிமிர்கிறது.

நாட்டு நாயினங்களைக் காக்க வேண்டா என்பது இதன் கருத்தாகாது. காக்கத்தான் வேண்டும். தியடோர் பாசுகரன் 2017-இல் இந்திய நாயினங்களைப் பற்றித் தனி நூலே எழுதி, அவை அழிந்துவரும் நிலையை எடுத்துக்காட்டினார். அஞ்சல் துறை 2005-இல் நான்கு நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது அவற்றுள் இராசபாளையமும் ஒன்றாக இருந்தது. தமிழ்நாட்டரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையும், இந்நிலத்தின் வெப்பத்துக்கு ஒவ்வாத அயலினங்கள் சிலவற்றைப் பெருக்குவதைத் தடுத்து, நாட்டினங்கள் நான்கனையும் ஊக்க வேண்டும் என்று கூறிற்று. இவையெல்லாம் நல்லவையே. ஆயினும் 2020 ஆகத்துத் திங்களில் தலைமையமைச்சர் வானொலியில் இந்திய நாயினங்களின் பெயர்களைச் சொல்லி வளர்க்கச் சொன்ன பின் நடந்தது என்ன? நாட்டு நாய் திடீரென்று மதிப்புப் பொருளாயிற்று. நேற்று வரை வெள்ளைக்காரன் நாயை வைத்திருந்தவன், இன்று அதே இரும்புக் கூண்டில் சிப்பிப்பாறையை அடைத்தான். கூண்டு மாறவில்லை; பெயர்ப்பலகை மாறிற்று. மைல் கணக்கில் ஓடப் பிறந்த உயிர் பத்தடிக் கூண்டில் நின்ற இடத்தில் சுற்றுகிறது, தன் வாலைத் தானே கடிக்கிறது, சுவரைச் சுரண்டுகிறது. வளர்ப்பவன் அதற்கும் வெறி பிடித்துவிட்டதென்று சொல்லி ஏரிக்கரையில் விட்டுவிட்டு வருகிறான்.

இத்தகைய மதிப்பு நாய்க்கு வேண்டா. தமிழர் நாய்க்குத் தந்த மதிப்பு வேறு.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் உள்ளது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு அணித்தானது. ஆநிரை மீட்கும் பூசலில் கருந்தேவகத்தி என்னும் வீரன் பட்டான். அவனுடைய நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது. கல் வெட்டியவர் வீரனோடு அந்நாயின் உருவத்தையும் செதுக்கி, அதன் செயலையும் பொறித்து, அதன் பெயரையும் எழுதினர். கோவிவன் என்பது அப்பெயர். மன்னர் பலருடைய தளபதிகள் பெயரே மறைந்துபோன நிலத்தில், ஒரு நாயின் பெயர் கல்லில் நிற்கிறது. அந்நாய் எவ்வினம், தந்தை எத்தெரு என்று கல்லில் ஒரு சொல்லும் இல்லை. அது என்ன செய்தது என்பதே உள்ளது.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனத்து மகளிரைச் சூழ்ந்துகொண்டு அஞ்சச் செய்பவை தலைவனுடன் வந்த வேட்டை நாய்களே. ஞமலி, ஞாளி, சுணங்கன், முடுவல் என்று இத்தனை பெயர் ஒரு விலங்குக்கு இருப்பது அதனோடு பழகிய நெருக்கத்தாலேயே. நட்புக்கு யானையைத் தவிர்த்து நாயை நாடச் சொன்னது நாலடியார். இறைவன் முன் தம்மை நாயினும் கடையராகச் சொல்லிக்கொண்ட அடியாரும் உளர் என்பது உண்மைதான். வைவதற்கும் அச்சொல்லே வாயில் வருகிறது என்பதும் உண்மைதான். ஒரே மொழி இரண்டையும் வைத்திருக்கிறது. எதை எடுப்பது என்பது எடுப்பவன் கையில்.

கோவிவன் என்று பெயரிட்டவர் வழியினர் இன்று என்ன பெயர் இடுகின்றனர்? டைகர், டாமி, சீசர், சிம்மி. பாகூரிலும் அதுவே, வில்லியனூரிலும் அதுவே. ஆடு மேய்க்கும் சிறுவனும் தன் நாயை ஆங்கிலத்தில் உட்காரச் சொல்கிறான். தமிழில் சொன்னால் நாய்க்கு விளங்காதாம்! இதில் வேடிக்கை யாதெனின், நாயை ஏவுதற்குத் தமிழைப் போல் வாய்ப்பான மொழி அரிது. தமிழில் வினைப்பகுதியே ஏவலாகி நிற்கும் என்பது நன்னூல் கற்ற மாணவனும் அறிந்தது. வா, போ, நில், இரு, விடு, தா. ஓரசை அல்லது ஈரசை. ஈறு சேர்க்க வேண்டியதில்லை. ஒன்றன் ஒலி மற்றொன்றோடு குழம்புவதில்லை. நாய் பிடித்துக்கொள்வது ஒலியையும் குரலையும் கையசைவையுமே. குருவிநத்தத்துக் குருளை 'வா' என்பதை மூன்று நாளில் கற்றுக்கொண்டது. 'விடு' என்பதைக் கற்க மறுக்கிறது. குறிப்பாகச் செருப்பு வாயில் இருக்கும்போது.

சரி, இதற்கேற்ற மனை எது? வீடு எத்தனை மாடி, முற்றத்தில் பளிங்கு போட்டிருக்கிறதா என்று பார்த்துப் பயனில்லை. முதலில் ஓட இடம் வேண்டும். வேட்டை நாயின் குருதி ஓடும் எவ்வுயிர்க்கும் நாள்தோறும் ஓட்டம் உணவைப் போன்றது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, நெஞ்சு நிறைய ஓடிவிட்டால் மற்ற நேரமெல்லாம் நிழலில் படுத்துறங்கும். இவ்வகை நாய்களை வளர்த்தோர் இதனை நன்கறிவர். ஓட்டம் இல்லையேல் அவ்வாற்றல் கதவின் மேலும் கன்றின் மேலும் பாயும். பின்னர் நாயைக் குறைசொல்வது, பசித்தவன் முன் சோற்றைப் பூட்டிவைத்து அவனைத் திருடன் என்பதற்கு ஒக்கும்.

அடுத்து வேலி. வளர்ந்தபின் ஆளுயர மதிலையும் தாவ முயலும். கண்ணால் இரையைக் கண்டு துரத்தும் வகை ஆதலின், எதிரே பூனை ஓடினால் பின்னால் கூப்பிடும் குரல் அதன் காதில் ஏறாது. கடலூர்ச் சாலையில் பேருந்துகள் பறக்கின்றன. சாலையோர வீட்டில் வேலியின்றி இந்நாயை வைப்பது அதைக் கொல்வதற்கு ஒப்பாகும். கோழியும் ஆடும் உள்ள வீடாயின், சிறு அகவையிலிருந்தே அவற்றின் நடுவே கட்டிப் பழக்கி, பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் ஆள் வேண்டும். அடித்துப் பழக்குவோர் வரவேண்டா. அடிபட்ட வேட்டை நாய் அஞ்சிச் சாகும், அல்லது ஓடிப்போகும்.

கட்டிப்போடுதலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வாயிலில் ஒரு குட்டைச் சங்கிலி, பக்கத்தில் ஒரு தகரக் குவளை, இருபத்துநான்கு மணி நேரமும் குரைப்பு. இதுவே பல வீடுகளில் நாய் வளர்ப்பு எனப்படுகிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதைக் கொடுமை என்றே 11-ஆம் பிரிவில் சொல்கிறது. எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு உடற்பயிற்சி தராமலிருப்பதும் அதே பிரிவின்படி கொடுமைதான். அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட சட்டம். அறிந்தோர் எத்தனை பேர்? 2024 நவம்பர் இறுதியில் புதுவையருகே கரைகடந்த புயலையடுத்து, சாத்தனூர் அணையின் நீர் தென்பெண்ணையில் திரண்டு வந்து பாகூர்ப் பகுதியின் ஆற்றங்கரையூர்களில் புகுந்தது. மாந்தர் மேட்டுக்கு ஓடினர். சங்கிலியில் கட்டிய நாய் எங்கே ஓடும்? அவிழ்த்துவிட எவனாவது நினைத்தால்தான் உண்டு. குருவிநத்தத்துக் குருளையின் தாயை அன்று எவரும் கட்டியிருக்கவில்லை. ஆதலால்தான் இன்று இக்கட்டுரைக்கு இடம் நேர்ந்தது.

மூன்றாவதாக வந்த இளைஞர் இருவர் குருளையைப் பார்த்ததும் கண் மலர்ந்தனர். கால் அளவைப் பார்த்தனர். மார்பைத் தட்டிப் பார்த்தனர். விலையும் கொடுக்க முன்வந்தனர். எதற்கு என்று கேட்டபோது, முயலுக்கு என்றனர். முதியவர் கொடுக்கவில்லை. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். தமிழர் வேட்டையாடிய இனந்தானே என்று சங்கப் பாட்டைத் துணைக்கழைப்போர், குறிஞ்சித் திணையில் எத்தனை காடு இருந்தது, இன்று எத்தனை இருக்கிறது என்று எண்ணிப்பார்க்கட்டும். பழம்பெருமையைச் சொல்லிப் பிழைசெய்ய வருவோர்க்கு நாயைக் கொடுப்பது அதனையும் குற்றத்துக்கு உடந்தையாக்குவதே. வேட்டை முடிந்த பின், கால் ஒடிந்த நாயை அவர்கள் வீட்டுக்குத் தூக்கி வருவதும் அரிது.

கொடுப்பவர்க்கும் கடமை உண்டு. ஈனம் கழித்தால் போதும் என்று எவர் கையிலும் திணித்துவிடலாகாது. 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் எட்டுக் கிழமைக்குட்பட்ட குருளையை விற்கலாகாது என்கின்றன. விலையின்றிக் கொடுப்பவரும் அதையே பின்பற்றுவது அறம். தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருந்த நாள்களில்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், எங்கே நிறுத்தலாம் என்பதைக் குருளை கற்கிறது. குடற்புழு மருந்து தந்து, இளமை நோய்களுக்கான தடுப்பூசியை மூன்று நான்கு கிழமை இடைவெளியில் முறையாகப் போட்டு, மூன்று திங்கள் நிறைந்தபின் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுக் கொடுத்தல் வேண்டும். உலகில் வெறிநோயால் இறப்போருள் ஏறத்தாழ மூன்றிலொருவர் இந்தியாவில் இறக்கின்றனர் என உலக நலவாழ்வு நிறுவனம் கணித்துள்ளது. அதில் கணிசமான பகுதியினர் சிறுவர். தடுக்கக்கூடிய இறப்பு இது. தடுக்காமல் விட்டுவிட்டு நாயைக் கல்லால் அடிப்பதில் என்ன வீரம்? புதுவையில் குரும்பாபட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஊசி போட இடமில்லை என்று சொல்ல வழியில்லை.

ஏற்றுக்கொள்வோரும் கருத்தடைக்கு உடன்பட வேண்டும். இதைச் சொன்னால் நாட்டினப் பற்றாளர்க்குப் பொறுக்காது. நல்ல குருதி வீணாகிறதே என்பர். கலப்பு என்று தள்ளியவரும் அவரே. இப்போது குருதிக்கு அழுபவரும் அவரே. இக்குருளையின் வழியில் மீண்டும் ஐந்து பிறந்து, அவற்றுள் இரண்டு இறந்து, ஒன்றுக்கு வீடு கிடையாமல் அலைய வேண்டுமா? அஃது ஏரிக்கரையில் விடப்பட்டால் தெருநாயாகும். 2025 ஆகத்து 22-ஆம் நாள் உச்சநீதிமன்றம், தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடுக, வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கம் மிக்கவற்றையும் விடற்க என்று பணித்தது. நாடெங்கும் நீதிமன்றம் வரை சென்று வழக்காடும் அளவுக்குத் தெருநாய் பெருகியது எப்படி? வீட்டில் பிறந்ததை வீட்டார் தெருவில் விட்டதும் அதற்கு ஒரு காரணம். பொறுப்பைத் தெருவில் எறிந்துவிட்டுப் பின்னர்த் தெருவை நொந்துகொள்ளும் வழக்கத்தை எந்த நீதிமன்றமும் ஒரு நாளில் திருத்திவிட முடியாது.

உணவைப் பற்றி அஞ்சுவோர்க்கு ஒன்று: இந்நாய் கேழ்வரகுக் கூழும் சோறும் முட்டையும் சிறிது இறைச்சியும் தின்று நலமாக வளர்கிறது. அயல்நாட்டுப் பையைத் தேட வேண்டியதில்லை. வெங்காயம், உலர்ந்த கொடிமுந்திரி, தேயிலையோடு தின்னும் சாக்கலேட்டு ஆகியவற்றை மட்டும் தரலாகாது. அவை நாய்க்கு நஞ்சு. வெறும் தயிர்ச்சோறு மட்டுமே போட்டு வளர்ப்பேன் என்பாரும் வேண்டா. ஓடும் உடலுக்கு ஊன்சத்து வேண்டும். தம் நோன்பைத் தாம் நோற்கட்டும்; நாயை ஏன் நோற்கச் செய்ய வேண்டும்?

தமிழ்ப்பற்றாளரிடம் மீண்டும் ஒருமுறை கேட்க வேண்டியுள்ளது. அவர் தேடும் கலப்பற்ற இராசபாளையம் ஒருநாள் அவர்க்குக் கிடைக்கும். விலை கொடுத்தால் எதுவும் கிடைக்கும். அதற்கு நல்ல தமிழ்ப்பெயரும் வைப்பார். அதை வாயிலில் கட்டிவைத்து, வருவோர்க்கெல்லாம் இது தமிழினத்து நாய் என்று காட்டுவார். அந்த நாய் ஓடுமா? இரவில் அதன் குரலுக்கு அவர் எழுந்து வருவாரா? அதற்கு முதுமை வந்து காது கேளாமற் போனபின்னும் வைத்திருப்பாரா? இவற்றுக்கு ஆம் என்னும் விடை அவரிடம் இருந்தால், குருவிநத்தத்துக் குருளைக்கும் அவ்விடையே போதும். இல்லையாயின், தூய இனத்துக்கும் அவர் வீடு மனையாகாது.

சென்ற கிழமை, பாகூர் ஏரிக்கு அருகே நிலமுடைய ஓர் உழவர் குடும்பம் வந்து பார்த்துப் போயிற்று. கணவன், மனைவி, பத்து அகவையுள்ள மகள். இனம் என்ன என்று மூவருமே கேட்கவில்லை. ஊசி போட்டாயிற்றா என்று மனைவி கேட்டார். இரவில் கட்ட வேண்டுமா, அவிழ்த்துவிடலாமா என்று கணவன் கேட்டார். களத்துமேட்டைச் சுற்றிக் கம்பிவேலி உண்டு. ஒரு பக்கம் மட்டும் சாய்ந்திருக்கிறது, அதை நிமிர்த்திவிட்டுத்தான் அழைத்துப்போக முடியும் என்றார். சிறுமி வரப்பு வழியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதனோடு ஓடினாள். இருவரும் சேற்றோடு திரும்பினர். பெயர் என்ன வைக்கலாம் என்று முதியவர் கேட்டதற்கு, இன்னும் முடிவு செய்யவில்லை என்றாள்.

அவர்கள் வீட்டில் வெள்ளாடு நான்கு உண்டு. ஆட்டைக் கண்டால் குருளை என்ன செய்யும் என்பது எவர்க்கும் தெரியவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டில் ஒன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வருவதாகவும், இரண்டையும் ஒரே கொல்லையில் சற்று நேரம் இருக்கவிட்டுப் பார்ப்பதாகவும் சொல்லிச் சென்றுள்ளனர்.